எந்த மாடி?

"எந்த மாடி?" என்று கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கவுண்டருக்கு வெளியே நிற்பவள் இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் பெண். அந்த மேசையில் அவளுக்குக் கணினி மாட்டிக்கொடுத்ததே இவர்தான். லிஃப்டில் தினமும் பார்க்கிற முகம். இருந்தாலும் கேள்வி கேள்விதான்.

"ரெண்டாவது மாடி சார். லேப்டாப் ஆன் ஆகல."

"டிக்கெட் போட்டீங்களா?"

"ஆன் ஆனாத்தானே சார் போட முடியும்?"

"ரிசப்ஷன்ல பொது மெஷின் ஒண்ணு வெச்சிருக்கேன். அதுல புகாரைப் பதிஞ்சுட்டு வாங்க, பார்க்கலாம்." சொல்லிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த டீயைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தப் பொதுக் கணினிக்கு நாற்காலி கிடையாது. மார்பளவு உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் கணினி. நின்றுகொண்டேதான் தட்ட வேண்டும். உட்கார வைத்தால் ஆளாளுக்குக் கதை எழுதுவார்களாம். இந்த ஏற்பாடு அவருடைய சொந்த யோசனை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதி விற்கிற கம்பெனி அது. மேல் மாடிகள் முழுக்க டெவலப்பர்கள். அவர்களுடைய கணினி, கடவுச்சொல், மவுஸ், பிரிண்டர் அத்தனைக்கும் பொறுப்பு தரைத்தளத்தில், லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கிற இந்த ஐ.டி. சப்போர்ட் கவுண்டர். அதற்குத் தலைவரும் இவரே, சிப்பாயும் இவரே. இடுப்பளவுக் கதவு, உள்ளே இரும்பு பீரோ, பீரோவின் சாவி பெல்ட்டில். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். அது எந்தத் திருகையாவது கழற்றியதைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. மேல்மாடிக்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சுங்கச்சாவடி'. நிற்காமல் யாரும் தாண்ட முடியாது. பதிலுக்கு இவர் அவர்களைக் 'கவிஞர்கள்' என்பார்.

"எழுதத் தெரியும். அதைத் தவிர என்ன தெரியும் இவங்களுக்கு? பிளக் கழண்டு கிடக்கும், மெஷின் செத்துப்போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க."

கீபோர்டு பழுது என்று ஒரு டெவலப்பர் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குக் கொண்டாட்டம். மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்து, கீபோர்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் தட்டுவார். பிஸ்கட் தூள் விழும், நகத்துண்டு விழும், தலைமுடி விழும். "எல்லாம் உங்களோடதுதானே?" என்று கேட்டு, தாளைப் பொட்டலமாக மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புவார். கீபோர்டு சரியானதா என்பது வேறு விஷயம்.

அவருடைய தொழில் ரகசியத்துக்கு வருவோம். ஒரு புகார் வந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. டிக்கெட் பதிவானதுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் சப்போர்ட் ஆள் ஏதாவது விளக்கம் கேட்டால், பதில் வரும்வரை கடிகாரம் நின்றுவிடும். இந்த ஒரு விதியைப் படித்த பிறகு அவர் வேறெதையும் படிக்கவில்லை, அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. டிக்கெட் வந்த கையோடு "எந்த மாடி?" என்று எழுதிவிடுவார். பதில் வந்தால், "இதற்கு முன் இப்படி ஆனதுண்டா?" அதற்கும் வந்தால், "நீங்கள் எதையாவது தொட்டீர்களா?" ஒவ்வொன்றின் அடியிலும் "நன்றி, வணக்கம்." அதற்குள் பாதிப் பேர் சலித்துப்போய், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். மீதிப் பேர் ஆத்திரத்தில், "ஆமாம், தொட்டேன்" என்று எழுதுவார்கள். "பயன்படுத்தியவரின் பிழை. தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிடுவார்.

மூடியதும், சேவை எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடச் சொல்லும் பெட்டி திரையில் வரும். அதைப் பிறர் விருப்பத்துக்கு விடுகிற ஆள் இல்லை அவர். பீரோவிலிருந்து புது மவுஸை எடுத்து நீட்டுவார், ஆனால் பிடியை விடமாட்டார். "அஞ்சு போட்டுடுங்கம்மா, என் கண் முன்னாடியே" என்பார். ஐந்தாவது நட்சத்திரம் மஞ்சளான பிறகுதான் மவுஸ் கைமாறும். ஆக, சிறந்த சேவைக்கான சான்றிதழ் மாதா மாதம் அவருக்கே. லேமினேட் செய்து வரிசையாக மாட்டியிருக்கிறார். கவுண்டருக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்றே தெரியாது.

வீட்டிலும் இதே லட்சணம்தான். சமையலறை விளக்கு கண் சிமிட்டுகிறது என்று மனைவி சொன்னால், "எந்த லைட்டு?" என்பார்.

"அடுப்படியில இருக்கிறதே ஒண்ணுதான்."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

அந்த அம்மாள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. தம்பியைக் கூப்பிட்டுப் புது விளக்கு மாட்டவைப்பாள். சாயங்காலம் இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பார்த்தியா, அதுவா சரியாயிடுச்சு" என்பார்.

மேல்மாடிக்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? சப்போர்ட் ஆட்களுக்கு அவர்கள் அகராதியில் 'வயர் மாட்டுறவங்க' என்று பெயர். சாப்பாட்டு அறையில் இவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால் மேசையில் பேச்சு நின்று கைப்பேசிகள் வெளியே வரும். அவர்களின் தலைவருக்கு இவர் வைத்த பெயர் 'ஆஸ்தான கவி'. காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே எதிராளியோடு பேசுகிறவர். அலுவலகம் முழுக்கச் செருப்பில்லாமல் வெறும் சாக்ஸோடு திரிகிறவர். கூட்டத்தின் நடுவே புரொஜெக்டர் அணைந்துபோனால் இரண்டடி தள்ளி நின்று, "அது எங்க வேலை இல்ல" என்பார். வயரைத் தொட்டால் மூளை கரைந்துவிடும் என்ற பயம் போலும்.

இந்த ஆஸ்தான கவிக்கு ஒரு முறை புதுக் கணினி தேவைப்பட்டது. சுங்கச்சாவடி மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு, ஒரு வாரம் அவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டது. அன்றைக்கு வைத்த வன்மம், மேலாளர் அறையில் போய் வெடித்தது. "சப்போர்ட்டுக்கு எதுக்கு சார் தனியா ஒரு ஆள்? புகாருக்குத் தானா பதில் சொல்ற சாஃப்ட்வேர் ஒண்ணு எழுதிடறோம்" என்றார். மேலாளருக்கு வாயெல்லாம் பல். இரண்டு வாரம் சோதனை என்று முடிவாயிற்று. அதுவரை எல்லா அதிகாரமும் மென்பொருளுக்கு. நட்சத்திரங்களின் சராசரி நான்கைத் தொட்டுவிட்டால் கவுண்டரை மூடிவிட்டு, இவரை ஊருக்கு வெளியே, பழைய திரைகளும் பிரிண்டர்களும் அடைத்து வைத்திருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். சராசரியைக் காட்ட ரிசப்ஷன் சுவரில், அந்த நாற்காலி இல்லாத கணினிக்கு நேர்மேலே, ஒரு பெரிய திரையையும் மாட்டினார்கள்.

மென்பொருளுக்குப் பதில் சொல்லப் பழக்க வேண்டுமே. அதற்கு ஆஸ்தான கவி எடுத்துக்கொண்டது எதை என்கிறீர்கள்? சுங்கச்சாவடி இத்தனை வருடமாக எழுதிய பதில்களை. எல்லாம் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை, எல்லாம் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டவை. இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்குமா? "டேட்டா பொய் சொல்லாது" என்றார் அவர். அந்த நட்சத்திரங்கள் எப்படி விழுந்தன என்று கீழே இறங்கி வந்து யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் வயர் மாட்டுகிறவரிடம் பேச வேண்டும், அது எப்படி முடியும்?

முதல் நாள் காலையில் முதல் புகார் போயிற்று. கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது: "எந்த மாடி? நன்றி, வணக்கம்."

மேல் மாடிகளில் ஒரு முனகல் கிளம்பிக் கீழே வரைக்கும் கேட்டது. சுங்கச்சாவடி வயிறு குலுங்கச் சிரித்தார். கவுண்டருக்குள் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். மவுஸோடும் கீபோர்டோடும் வந்து கெஞ்சியவர்களிடம், "நான் என்னம்மா பண்றது? உங்க ஆளு எழுதினதுதானே, அதுகிட்டயே கேளுங்க" என்றார்.

சிரிப்பு நீடிக்கவில்லை. மேலாளர் கணக்குப் பார்த்தார். பதில் ஒரு நொடியில் வருகிறது, எந்தப் புகாரும் நான்கு மணி நேரம் தாண்டவில்லை, சம்பளம் கேட்பதில்லை. இனி நட்சத்திரம்தான் பாக்கி. ஆஸ்தான கவி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். "அஞ்சு போட்டுடுங்கப்பா. டீம் மானம் போகுது" என்று மேசை மேசையாகக் கெஞ்சினார், போடும்வரை பின்னாலேயே நின்றார். சுவர்த் திரையில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

ஒரு நாள் இரவு சாப்பிடும்போது கிடங்கு விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

"அங்க யாரு வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள் அவள்.

கேள்வி கேட்டே பிழைத்த மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். யாரும் வரமாட்டார்கள். செத்த கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு யாரும் வந்து எதிரில் நிற்கமாட்டார்கள். அவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருக்க அங்கே ஒரு ஜீவன் இருக்காது. அவர் பயந்துவிட்டார்.

சோதனையின் கடைசி நாள் காலையில் அவருடைய கணினி திறக்க மறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாருடைய கடவுச்சொல்லும் காலாவதியாக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பூட்டிக்கொண்டவர்களைத் திறந்துவிடும் அதிகாரம் இப்போது அவரிடம் இல்லை. வேறு வழியில்லாமல் ரிசப்ஷனுக்கு வந்து, நாற்காலி இல்லாத அந்தக் கணினி முன்னால் நின்று, கடவுச்சொல் காலாவதி என்று புகார் எழுதினார்.

"எந்த மாடி? நன்றி, வணக்கம்."

தரைத்தளம் என்று தட்டினார்.

"இதற்கு முன் இப்படி ஆனதுண்டா? நன்றி, வணக்கம்."

இல்லை என்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் இரண்டாம் மாடிப் பெண். சற்றுத் தள்ளி, சாக்ஸோடு ஆஸ்தான கவி, வேடிக்கை பார்க்க வந்தவர்.

"நீங்கள் எதையாவது தொட்டீர்களா? நன்றி, வணக்கம்."

இதற்கும் இல்லை என்றார். "நன்றாக யோசித்துச் சொல்லவும். நன்றி, வணக்கம்" என்று வந்தது. எப்போதோ ஒரு பிடிவாதக்காரருக்காக எழுதி, அவரே மறந்துபோன வரி அது. "இதைக்கூட விட்டு வைக்கலையே" என்று முணுமுணுத்தார். கால் மாற்றி நின்றார். வேறு வழி தெரியாமல், ஆமாம், தொட்டேன் என்று தட்டினார்.

"பயன்படுத்தியவரின் பிழை. தீர்க்கப்பட்டது. நன்றி, வணக்கம்."

நட்சத்திரப் பெட்டி வந்தது. தலைக்கு மேலே சுவர்த் திரையில் எண் நான்குக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"சார், ஒரு ஸ்டார் மட்டும் போடுங்க சார்" என்றாள் பின்னால் நின்ற பெண், தாழ்ந்த குரலில். "இதுக்கு நீங்களே பரவாயில்ல."

அவர் அண்ணாந்து எண்ணைப் பார்த்தார். ஆஸ்தான கவியின் சாக்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து, வந்த பதில்களை மேலிருந்து கீழ் வரைக்கும் உதடு அசைய ஒரு முறை வாசித்தார். ஒரு கேள்விகூட இடம் மாறவில்லை, ஒரு வணக்கம்கூடக் குறையவில்லை. சட்டைப்பையில் சாய்ந்திருந்த ஸ்க்ரூடிரைவரை நேராக்கிக்கொண்டு, பெட்டியில் விரலை வைத்து, ஐந்தாவது நட்சத்திரம் மஞ்சளாகும்வரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.