பின்னால் வருகிறவருக்கு ஒரு கொப்பு

இன்று காலை நான் ஒடித்த நொச்சிக் கொப்பு முழங்கை நீளம் இருந்தது. மடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டுவிட்டு, இன்னும் நாலு கொப்புகளை ஒடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். கண்டரமாணிக்கம் தாண்டி, தார்ச்சாலை நம்மைக் கைவிடுகிற இடத்தில் இருக்கிறது இந்தக் கண்மாய். மழையில் நிறைந்த தண்ணீர் மாசியில் வற்றத் தொடங்கினால் தண்ணீர் நின்ற உள்வாய் முழுக்கச் சேறாகக் கிடக்கும். அதற்கு நடுவே மறுகரைக்கு ஒரு பாதை போகிறது. அதைப் பாதை என்று ஒப்புக்கொள்ளவே கொஞ்சம் நல்ல மனசு வேண்டும்.

நானும் மச்சானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் நடந்திருக்கிறோம். மச்சான் என் அக்காவின் கணவர், என்னைவிட இரண்டே வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. நான் காரைக்குடியில் இரும்புக் கடையில் இருந்தேன். "அங்குட்டுப் போயி என்னத்தத்தான் கண்டீக?" என்று அக்கா கேட்பாள். நாரையையும் முக்குளிப்பானையும் கண்டோம் என்றால் சிரிப்பாள். உண்மையில் எதையும் தேடிப் போகவில்லை. வாரம் முழுக்கக் கடையில் வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு, பேசாமல் கூட நடக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெறுங்காலோடு போங்கள். முள் குத்தினால் பிடுங்கிக்கொள்ளலாம், சேற்றில் மாட்டிய செருப்பு திரும்ப வராது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் இடத்தை நம்பாதீர்கள், அடியில் களிமண் சேறு அப்படியே இருக்கும். ஆட்டுக் குளம்பு பதிந்த இடத்தில் தைரியமாகக் கால் வைக்கலாம். அப்புறம், ஆடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும் தவறாமல் செய்கிற ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவருக்குக் கால் எங்கே புதைகிறதோ அங்கே ஒரு கொப்பை நட்டுவிட்டுப் போக வேண்டும். இலை பச்சையாக இருந்தால் இன்றைக்குப் புதைந்த இடம், ஒதுங்கிப் போக வேண்டும். நாங்கள் முறை வைத்து முன்னால் போவோம். பின்னால் வருகிறவர் கொப்பைப் பார்த்து நடப்பார்.

அக்கா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. எங்களுக்குள் மிஞ்சியது அந்த நடை மட்டும்தான். ஒரு வருடம் திரும்புவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி வழியில் மச்சான் நின்றார்.

"மாப்ள, ஒங்கக்கா இல்லாத வீட்டுல ஒத்தையில இருக்க முடியல. எங்க வீட்டுல ஒரு எடம் பாத்திருக்காக. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் சரின்னு சொல்லுவேன்."

அக்காவை இழந்தவன் நான் ஒருத்தன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு முன்னால் போகிற முறை என்னுடையது, விறுவிறுவென்று நடந்தேன். ஓர் இடத்தில் தொடை வரை உள்ளே போனேன். தட்டுத்தடுமாறி ஏறி, திரும்பிப் பார்க்காமல் மறுகரை சேர்ந்து பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். கொப்பு நட மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் கொப்புகள் கக்கத்தில்தான் இருந்தன.

பொழுது சாய்கிற நேரத்தில் மச்சான் வந்தார். இடுப்பு வரை சேறு. சிப்பி கிழித்த பாதத்திலிருந்து ரத்தம் வடிந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். "கொப்பு இல்லையே, மாப்ள," என்றார், அவ்வளவுதான். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்தக் கல்யாணத்தை அவர் செய்துகொள்ளவில்லை. நான் நடாத கொப்பையே என் பதிலாக எடுத்துக்கொண்டார். மாற்றல் வாங்கித் திருநெல்வேலிப் பக்கம் போனார். 'சரி மச்சான், கட்டிக்குங்க' என்று போய்ச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் இருந்தது. வருகிற பொங்கலுக்குப் போகலாம், அடுத்த பொங்கலுக்குப் போகலாம் என்று வீம்பிலும் வெட்கத்திலும் தள்ளிப்போட்டேன். போன வருடம், தனியாக இருந்த வாடகை வீட்டில் அவர் இறந்து கிடந்ததை வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்திருக்கிறார்.

இன்று அதே இடத்தில் என் கால் புதைந்தது. ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, கொப்பை ஆழமாக ஊன்றி, சாயாதபடி சுற்றிலும் சேற்றை அணைத்துவிட்டேன். ஆடுகளோடு கரையில் நின்றிருந்த பெண் சத்தம் கொடுத்தாள்.

"யாருக்குய்யா நடுறீக? இங்குட்டுத்தான் இப்ப யாரும் வாரதில்லையே?"

"பின்னாடி எங்க மச்சான் வாராக," என்றேன்.

அவள் நான் வந்த வழியை எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்.