என் கட்டைவிரல் இருந்த இடம்

என் கணவர் சூளகிரியில் வண்டி ஆசாரி. சக்கரம், நுகத்தடி, ஏர் என்று சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு வேண்டிய மரவேலை எல்லாம் செய்வார். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போன காலத்தில் பட்டறையில் எந்நேரமும் இரண்டு வண்டியாவது பாதி வேலையில் நிற்கும். அதன்பின் ஒரு மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பிழைத்து எழுந்தார். ஆனால் அதிலிருந்து அவருடைய பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது.

முதலில் பட்டறை இருட்டாக இருக்கிறது என்று கூரையில் இரண்டு ஓடுகளைக் கழற்றினார். அதுவும் போதாமல் வேலையை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். நட்ட நடு வெயிலில் உட்கார்ந்துகொண்டு, “இன்னா இன்னிக்கி மோடமா கீது?” என்று, வானம் மூடிக்கிடப்பதுபோல அவர் கேட்ட அன்றுதான் நான் பயந்தேன்.

பெங்களூருக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டாக்டர் விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: “கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு காஞ்சிக்கிட்டு வருதும்மா. இது கண்ணுல விழற பொரை இல்ல, அறுத்து எடுக்கிறதுக்கு. மருந்தும் கிடையாது.”

டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. வரும்போது பஸ் அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடி வந்ததும் அவரே, “ஆருகிட்டயும் சொல்லாத. தெரிஞ்சா ஒருத்தனும் மரம் கொண்டாரமாட்டான்” என்றார்.

அதற்குமேல் நாங்கள் வேலை செய்த விதம் இதுதான். நான் ஐந்தாவது வரை படித்தவள், அங்குலக் கோல் பார்க்கத் தெரியும். மரத்தை நான் பிடித்துக்கொள்வேன். அளவு எங்கே விழுகிறதோ அங்கே என் கட்டைவிரலை வைப்பேன். அவர் கையைக் கொண்டுவந்து என் நகத்தைத் தொட்டுப் பார்த்து, அதை ஒட்டிக் கம்பியால் ஆழமாகக் கீறுவார். கீறல் விழுந்துவிட்டால் பிறகு அவருக்கு நான் வேண்டாம். விரல் நுனியால் கீறலைத் தடவித் தடவி ரம்பத்தை வைப்பார். உளி பிடிக்கும் கைக்குக் கண் எதற்கு என்பதுபோல இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நான் மரம் பிடிக்கிறேன், அவ்வளவுதான். ஆள் வைத்துக்கொள்ள வக்கில்லாமல் பெண்சாதியை வேலை வாங்குகிறான் என்று பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தோம்.

அப்படி இருக்கையில்தான் வளர்ச்சித் திட்டத்து ஆபீசிலிருந்து ஒரு சேதி வந்தது. ஓசூர் மாட்டுச் சந்தையோடு சேர்த்துத் தச்சர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். யந்திரம் எதுவும் இல்லாமல் கைக்கருவிகளை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். நன்றாகச் செய்கிறவர்களில் ஒருவரைச் சூளகிரியில் திறக்கப்போகும் தச்சுப் பயிற்சி நிலையத்துக்கு வாத்தியாராக எடுப்பார்கள், மாதச் சம்பளம்.

“சொல்லிக் குடுக்கிறதுக்கு வாயும் கையும் போதும்” என்றார் அவர். அதையே அன்று முழுக்க விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு காரியத்துக்கு ஆசைப்பட்டு நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

சானமாவுக் காட்டில் யானை ரோட்டுக்கு வந்து நின்றதால் முதல் பஸ் தாமதமாகத்தான் ஓசூர் போய்ச் சேர்ந்தது. மாட்டுச் சந்தைக்கு ஒருபுறம், புளியமரங்களுக்குக் கீழே கயிறு கட்டி இடம் பிரித்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே சாக்கை விரித்துக் கருவிகளைப் பரப்பியிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் கலந்து பேச்சு நடந்தது. அதிகாரி சேலத்திலிருந்து வந்தவர், வெள்ளைச் சட்டை போட்ட சின்ன வயசுக்காரர். ஆளுக்கொரு மரம் கொடுத்தார்கள். ஆணி அடிக்காமல் ஒரு ஜன்னல் சட்டம் செய்ய வேண்டும், நாலு மூலையும் இணைப்பில்தான் நிற்க வேண்டும். அளவை அவரே வாயால் சொன்னார். மரம் பிடிக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது.

எங்களுக்கு வலப்பக்கம் தளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக்காரர். கோயில் கதவு செய்கிற பரம்பரை. அவர் இழைப்புளியைத் தள்ளினால் மரச் சுருள் அறுந்து விழாமல் ஒரே நாடாவாகச் சுருண்டு எழும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் அதற்காகவே அவர் முன்னால் நின்றார்கள். இடப்பக்கம் ஆனேக்கல்காரர் ஒருவர், மைசூர் சீமை. கட்டை குட்டையான ஆள், நரைத்த மீசை. அவர் மரத்தைக் கால் விரல்களால் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். முதல் மூலை முடிந்ததும் இணைப்பின் மேல் கை நிறையத் தண்ணீர் எடுத்து ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து போயிற்று. அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனார்.

நான் என் கணவரின் காதருகே இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். “அப்ப அவுரு ஜெயிக்கட்டும். நமக்கு வேலை கெடைச்சா போதும்” என்றார்.

மதியத்துக்குள் எங்களுக்கு இரண்டு மூலை முடிந்தது. நன்றாகவே வந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் ஆனேக்கல்காரர் தம் ராகி உருண்டையில் பாதியைப் பிட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். எங்கள் சட்டத்தை எடுத்து மூலையைத் தடவினார்.

“அண்ணா, கெலசா ஷோக்கா இருக்கு” என்று வேலையை மெச்சினார். பிறகு என்னைப் பார்த்தார். என் கட்டைவிரலைப் பார்த்தார். அதில் கம்பி பட்டுப் பட்டு ஏறியிருந்த தழும்புகளைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். “தங்கி, நீயும் சாப்பிடு” என்றார். தங்கி என்றால் அவர்கள் பேச்சில் தங்கச்சி. வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது தம் சாணைக்கல்லை எங்கள் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மூலைக்கு மரத்தை எடுத்தபோது அதிகாரி சுற்றி வந்தார். வெயிலில் தரையில் குந்தியிருந்த என்னைப் பார்த்து நின்றார்.

“ஏம்மா நீங்க கஷ்டப்படறீங்க? ஆம்பளைங்க கூட்டத்தில…” என்று சொல்லி, பின்னால் வந்த பியூனைக் கூப்பிட்டார். “இவருக்கு நீ மரம் பிடி. அம்மா, நீங்க போய் நிழல்ல உக்காருங்க.”

“பரவால்லீங்க சார், எனக்குப் பழக்கம்தான்” என்றேன்.

“சொல்றேன் இல்ல, போங்கம்மா” என்றார். குரலில் அதட்டல் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். இன்னும் மறுத்தால் ஏன் என்று கேட்பார். என் கணவர் தலையைத் தூக்காமல், “போ மே” என்றார். நான் எழுந்து கயிற்றுக்கு வெளியே போய் நின்றேன்.

பியூன் மரத்தைப் பிடித்தான். என் கணவர் அங்குலக் கோலை எடுத்து மரத்தின் மேல் வைத்தார். அதன் கோடுகளை நகத்தால் தேடினார். எத்தனையோ தரம் தேடினார். பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கலாம், கேட்டால் தெரிந்துபோகும். கடைசியில் ஒரு இடத்தில் கம்பியை வைத்துக் கீறினார். அது ஒரு விரல்கடை உள்ளே விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ரம்பத்தை எடுத்துக் கீறலில் பொருத்தினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி அறுத்திருப்பார். ஆனேக்கல்காரர் தம் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

“சாமி” என்று அதிகாரியைக் கூப்பிட்டார். “அவருக்குக் கண்ணு சரியில்ல. அந்தம்மாதான் அவருக்குக் கண்ணு. அவங்களை உள்ள விடுங்க. கை ரொம்பப் பெரிய கை சாமி, கெடுத்துடாதீங்க.”

சத்தமாகத்தான் சொன்னார். அதிகாரி தூரத்தில் இருந்தார், சந்தை இரைச்சல் வேறு. உளிச் சத்தமும் ரம்பச் சத்தமும் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற சூளகிரிக்காரர்களும் பார்த்தார்கள். மாடு பிடிக்க வந்தவர்கள் நாலைந்து பேர், எங்களுக்கு வேலை கொடுக்கிறவர்கள்.

அதிகாரி வந்து என் கணவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்க்கவில்லை, அந்த மட்டும் மரியாதை. “நெசமா ஆசாரி?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“எவ்வளவு தெரியும்?”

“வெளிச்சம் தெரியும். ஆளு அசைஞ்சா தெரியும்.”

அதிகாரி கொஞ்சநேரம் அந்த இரண்டு மூலைகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேலை நல்லா இருக்கு. ஆனா முப்பது பையங்க கையில உளியைக் குடுத்துட்டு, ஒருத்தன் விரலை வெட்டிக்கிட்டா நீங்க எப்படிப் பாப்பீங்க? நான் எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க” என்றார்.

என் கணவர், “சரிதாங்க” என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்று நான் உள்ளே போய்க் கருவிகளை எடுக்கக் குனிந்தேன். அவர் என் கையைத் தள்ளினார். “முடிச்சிட்டு வர்றேன்” என்றார். என்னைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். மீதி இரண்டு மூலைகளையும் தானே தடவித் தடவிச் செய்தார். சாயங்காலம் கொட்டாப்புளியால் தட்டிச் சட்டத்தைச் சேர்த்தார். ஒரு பக்கம் குட்டையாகப் போனதால் சட்டம் சாய்ந்து, காற்றில் தள்ளின பந்தல்போல நின்றது. தச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். குனிந்து இணைப்புகளை மட்டும் தொட்டுப் பார்த்தார்கள். மூலைக்கு மூலை, மயிரிழை நுழைய இடமில்லை. சட்டத்தை முழுசாக யாரும் பார்க்கவில்லை. தெலுங்குக்காரர் என் கணவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

முதல் பரிசு ஆனேக்கல்காரருக்கு. மைசூர் சீமைக்காரர் என்பதால் வேலை அவருக்கு இல்லை. அது கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. பரிசை வாங்கிக்கொண்டு ஆனேக்கல்காரர் எங்களைத் தேடி வந்தபோது என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். தனியாக நடக்க முடியாது என்பதால் நானும் பின்னால் ஓடினேன்.

நாங்கள் ஊர் போய்ச் சேருமுன் சேதி போய்விட்டது. ஒரு கவுண்டர் புது வண்டிக்காக வைத்திருந்த வாகை மரத்தை ஆளோடு வந்து திரும்ப எடுத்துக்கொண்டார். “தப்பா நெனைக்காத ஆசாரி. வண்டில புள்ள குட்டியெல்லாம் ஏறுது” என்றார். அவர் சொன்னதிலும் குற்றமில்லை. நாங்கள் செய்த எந்தச் சக்கரமும் அதுவரை கழன்றதில்லை. ஆனாலும் அந்த வருஷம் யாருடைய வண்டி எந்த மேட்டில் சாய்ந்தாலும் அது எங்கள் சக்கரமா என்று கேட்டார்கள். பிறகு அதையும் கேட்கவில்லை.

அறுவடைக்குப் பிறகு ஒருநாள் ஆனேக்கல்காரர் பஸ் ஏறி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். என் கணவர் உள்ளே படுத்திருந்தார். நான் எழுப்பினேன். “இல்லைன்னு சொல்லு” என்றார், வெளியே கேட்கிற மாதிரியே.

ஆனேக்கல்காரர் மோர் வாங்கிக் குடித்தார். “என் பட்டறைக்கு வரட்டும் தங்கி. நான் கீறிக் குடுக்கறேன், அவர் அறுக்கட்டும்” என்றார். நான் உள்ளே பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. கடைசியில், “நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது” என்றார்.

“நீங்க சொல்லலன்னாலும் அந்தக் கோணல் சட்டமே சொல்லியிருக்கும்ங்கண்ணா” என்றேன்.

அவர் போனபிறகு என் கணவர், “பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் திரும்ப வரவில்லை.

பயிற்சி நிலையம் சூளகிரியில் திறந்தார்கள். எனக்கு அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது, அந்த அதிகாரியே சொல்லிவைத்ததாகக் கேள்வி. தினமும் மரச் சுருளையும் தூளையும் கூடையில் அள்ளி அடுப்புக்குக் கொண்டுவருவேன். என் கணவர் ஒரு கைப்பிடி எடுத்து மோந்து, “இது வேங்கை. இது மா. பச்சை மரத்தைப் போயி இழைக்கிறானுங்க” என்பார். இன்று பையன்கள் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பார். ஸ்டூல் என்றால் எத்தனை கால், கால் சாய்வா நேரா என்று கேட்பார். சொல்வேன். அந்த நேரம் மட்டும் எங்களுக்குப் பேச ஏதாவது இருந்தது.

கொஞ்ச காலத்தில் அவருக்கு வெளிச்சமும் தெரியாமல் போயிற்று. கேள்விகள் குறைந்தன. ஒருநாள் நான் கூடையை இறக்கி வைத்தேன். அவர் கையை நீட்டவில்லை.

“இனிமே இதைக் கொண்டாராத” என்றார்.

“அடுப்புக்கு வேணுமே.”

“சுள்ளி பொறுக்கிக்கலாம்.”

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஏரிக்கரைப் பக்கம் போய், காய்ந்த உண்ணிச்செடிக் குச்சிகளை ஒடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அது சீக்கிரம் எரிந்துபோகும், புகையும் அதிகம். அவர் அடுப்பிலிருந்து தள்ளி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பார்.