கத்தாத பிள்ளை

டிவி நாடகத்தில், வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு ஊசி போடாமலே ஒரு சிறுமியின் காலுக்குத் தையல் போட்டார்கள். அவள் சத்தமே போடவில்லை.

என் மகள் சிரித்தாள். "உந்தப் பிள்ளைக்கு நடிக்கவே தெரியேல்லை. ஆரும் கத்தாமல் கிடப்பினமே? பாருங்கோ அம்மா, எல்லாரும் உப்பிடித்தான் எழுதியிருக்கினம்" என்று போனை நீட்டினாள்.

எழுதியவர்களில் ஒருவரையாவது அந்த ஊசிக்குக் கீழே படுக்க வைக்க வேண்டும் போலிருந்தது.

நான் சிறுமியாயிருந்த சண்டைக் காலம். இணுவிலில் கரண்ட் இல்லை. மருந்தையும் வரவிடாமல் மறித்து வைத்திருந்தார்கள். ஷெல் துண்டு கிழித்த என் தொடையை டொக்டர் தைக்க, என்னைப் பெற்ற ஐயா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறியிருந்து மிதித்தார். டைனமோவில் எரிந்த சின்ன பல்புதான் வெளிச்சம். முதல் குத்துக்கே அலறினேன். ஐயாவின் கால்கள் நின்றுவிட்டன. பல்பு அணைந்தது.

"மிதியுங்கோ! இருட்டிலை எங்கை தைக்கிறது?" என்றார் டொக்டர்.

மறுபடி அலறினேன். மறுபடி இருட்டு. அதன்பிறகு சட்டைக் கையைக் கடித்துக்கொண்டேன். கடைசித் தையல்வரை பல்பு எரிந்தது.

"என்னம்மா, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?" என்றாள் மகள்.

அன்றைக்குக் கத்தாமல் விட்டதையும் சேர்த்து அவளைப் பார்த்துக் கத்தினேன். வீட்டில் ஒரு விளக்கும் அணையவில்லை.