மூன்று முறை சொன்னேன்

கல்லூரியில் சீன வரலாறு நடத்துகிறேன். பேரரசர்கள் ஆண்ட காலத்தில் அங்கே கன்பூசிய நெறி ஒன்று இருந்தது. அப்பா தப்பான வழியில் போனால் பிள்ளை பணிவாக மூன்று முறை எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லையென்றால் அழுதுகொண்டே அவர் பின்னால் போக வேண்டும். அரசனுக்கும் மந்திரி மூன்று முறை சொல்ல வேண்டும். ஆனால் அரசன் கேட்கவில்லையென்றால் மந்திரி பதவியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

போன வாரம் ஒரு மாணவி தேர்வுத்தாளில் இதைத் தலைகீழாக எழுதியிருந்தாள். அரசன் கேட்காவிட்டால் அழுதுகொண்டே பின்னால் போக வேண்டுமாம். அப்பா கேட்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாமாம். அடிப்பாவி, வகுப்பில் தூங்கினாயா என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். மறுபடி மூடி வைத்துவிட்டேன். நான் செய்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள்.

அப்பா இந்த விருத்தாசலத்தில்தான் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். அந்தத் தூசியில் ஓயாத இருமல். அம்மா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். நான் அப்போது சென்னையில் இருந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம், வேலையை விட்டுவிட்டு என்னோடு வா என்பேன். பணிவாகவா? எங்கே! தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன்.

"அங்க வந்து நாலு செவுத்தப் பாத்துக்கினு கெடக்கச் சொல்றியா? சூள இருக்குது, என் வூடு இருக்குது. எனக்கு என்னா கொறச்சல்?" என்பார்.

மூன்றாவது தடவை, "எக்கேடோ கெட்டுப் போ" என்று பெட்டியைத் தூக்கிவிட்டேன். ஜங்ஷன் வரைக்கும் கூடவே வந்தார்.

"கோவத்துல போவாதம்மா. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

சொல்லாமலே ரயில் ஏறிவிட்டேன். அத்தனை திமிர் எனக்கு. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் போன் செய்தாலும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்றார்.

இப்போது எனக்கு இந்த ஊரிலேயே வேலை, அவர் வீட்டிலேயே இருக்கிறேன். காலையில் சூளை வேலைக்காரர்கள் சைக்கிளில் போவதை வாசலில் நின்று பார்க்கிறேன். அவரை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. சென்னையாவது மண்ணாவது! அன்றைக்கு நான் கிளம்பாமல் இருந்திருந்தால் நாலாவது தடவையும் கத்தியிருப்பேன். அவரும் முடியாது போ என்றிருப்பார். நானும் அழுதுகொண்டே மத்தியானச் சோற்றைக் கட்டிக் கொடுத்து அவரை வேலைக்கு அனுப்பியிருப்பேன்.