நாராயணசாமி அண்ணன் வீட்டு ட்வீட்டர்

எலவனாசூர்கோட்டையில் நாராயணசாமி அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதன் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளை பெயின்டால் குறித்து வைத்திருப்பார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் அங்கிருந்து சம தூரம். ஆண்டாள் அண்ணி பெருக்கும்போது நாற்காலி நகர்ந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். சுவரெல்லாம் கம்பளி, மூலைக்கு மூலை பழைய மெத்தை. சாமி ரூமுக்குக்கூட இவ்வளவு ஆச்சாரம் கிடையாது என்று அண்ணி அலுத்துக்கொள்வார்.

அண்ணனுக்கு வேலை அரிசி ஆலையில். இருபத்திரண்டு வருஷமாக அரிசி தீட்டும் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். பெல்ட் லேசாக நழுவினாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஆலையில் அவருக்கு நல்ல பெயர். ஞாபகம் வந்தால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், வராவிட்டால் இல்லை. மற்ற நேரமெல்லாம் சால்டரிங் புகைதான். ஆம்ப்ளிஃபயரை அவரே பூட்டி, பிரித்து, மறுபடி பூட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் அங்கே போவோம். ஒருவர் மாற்றி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வருவார். பேஸ் டைட்டாக விழுகிறது, குரல் வார்மாக இருக்கிறது, ஜால்ரா வலது பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. நாங்கள் தலையாட்டுவோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்டதே இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் எவனும் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் அவன் காது மட்டம் என்று ஆகிவிடும். செல்போனில் பாட்டுக் கேட்கிற கும்பலில் சேர்த்துவிடுவார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு வேறெங்கும் மரியாதை கிடையாது, அதனால் இந்தக் கூட்டத்தில் கிடைத்ததை விட்டுவிட மனசு வரவில்லை.

சாமான் எல்லாம் கள்ளக்குறிச்சியில் வெங்கடேசன் கடையில்தான் வாங்குவோம். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத கடை. இந்த வியாபாரத்தில் ஸ்டிக்கரும் டப்பாவும் அச்சு அசலாக இருக்கும், உள்ளே போலி இருக்கும். அதனால் ஆளை நம்பித்தான் வாங்க வேண்டும். வெங்கடேசன் டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லியே கொடுப்பார். அவர் ஒரிஜினல் என்றால் ஒரிஜினல். கருணாபுரத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல்தான் மூலதனம்.

போன வருஷம் பங்குனியில் அண்ணனுக்குப் பாட்டில் ஜால்ரா காணாமல் போனது. மெல்லிய உச்ச சத்தங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்தான் ட்வீட்டர். அது மங்கிவிட்டது என்றார். கெப்பாசிட்டரை மாற்றினார், வயரை மாற்றினார். நாற்காலியின் வெள்ளைக் குறியையே அழித்து வேறு இடத்தில் போட்டார். கடைசியில் வெங்கடேசனிடம் புது ட்வீட்டர் ஜோடி வாங்கி மாட்டினார். அப்போதும் ஜால்ரா வரவில்லை. இதே சமயத்தில் போனில் யார் பேசினாலும் டவர் சரியில்லை என்று கத்துவார். குக்கர் ஆறு விசில் அடித்தும் எழுந்து போய் அடுப்பை அணைக்கவில்லை என்று அண்ணி திட்டியதை நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம். பாட்டில் மூழ்கியிருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

புது ட்வீட்டர் மாட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டு ஓடியது. உச்ச சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை முழுதாகத் திருகி வைத்திருந்ததால் ஜால்ரா காதைக் குத்தியது. பல் கூசியது.

"மேல இருக்கிற சத்தமே போயிடுச்சு பாத்தியா? டூப்ளிகேட்டத் தள்ளிட்டான். உனக்குத் தெரியுதா இல்லியா?"

"ஆமாண்ணா, மந்தமாத்தான் இருக்குது" என்றேன். மற்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

அன்று மத்தியானமே ஸ்பீக்கர் பைத்தியங்கள் நூற்றெண்பது பேர் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் எழுதிவிட்டார். வெங்கடேசன் போலி விற்கிறான், கேட்டுப் பார்த்த சாட்சிகள் இவர்கள் என்று எங்கள் பெயரையும் போட்டார். வெங்கடேசன் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லை. "உன் காதால கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். கேட்டேன் என்றேன். கொண்டு வாருங்கள், என் கடையில் மாட்டிப் பார்க்கலாம் என்றார், அண்ணன் போகவில்லை. கடைக்கு ஆள் வரத்து நின்றது. ஆடி மாசம் வெங்கடேசன் ஷட்டரை இறக்கிவிட்டுச் சென்னைக்குப் போய் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அந்தச் செய்தி வந்த நாளிலும் நான் குழுவில் உண்மையை எழுதவில்லை.

இந்தத் தை மாசம் பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் அண்ணன் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். அண்ணி அழுது அடம்பிடிக்க, நான்தான் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் அவர் விரல் அசையவே இல்லை. வெளியே வந்ததும் காது எந்தச் சத்தத்தை எவ்வளவு கேட்கிறது என்று கோடு வரைந்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். டாக்டர் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரி கோடுகளை ஸ்பீக்கர்களுக்காக ஆயிரம் தடவை பார்த்தவர். ஆரம்பத்தில் மேலே ஓடிய கோடு நடுவுக்கு அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"ட்வீட்டர் செத்த பொட்டியோட கோடு இது" என்றார். மெஷின் சத்தம் காதைத் தின்றுவிட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். அப்படியானால் உங்கள் மூன்று பேருக்கும் எப்படி மந்தமாகக் கேட்டது என்று கேட்டார். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து வெங்கடேசனைக் கூப்பிட்டார்.

"வெங்கடேசா, நீ குடுத்தது ஒரிஜினல்தான்யா. போனது என் காது. தெரியாம உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன், மன்னிச்சுடு" என்று கத்தினார். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். முகம் சுருங்கியது. மறு காதுக்கு மாற்றிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஒண்ணும் புரியல. இன்னா சொல்றான்னு நீ கேட்டுச் சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான்தான் பேசுகிறேன் என்றேன். வெங்கடேசன் மெதுவாகப் பேசினார்.

"அவருக்குக் காது கேக்கல, மனசுல ஒண்ணும் வெச்சிக்கலன்னு சொல்லு. உனக்கு அன்னிக்கு நல்லாக் கேட்டுது இல்ல?"

அவர் என் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னான்?" என்றார் அண்ணன், என் உதட்டையே பார்த்தபடி.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்கலையாம்ணா."

"அவ்ளோதானா?"

நான் தலையாட்டினேன்.