சேலையை அறுக்கும் கத்தி

என் தங்கையின் கழுத்தை அவள் கட்டியிருந்த சேலையே இறுக்கியபோது, சுற்றி நின்ற பதினைந்து இருபது பேரில் ஒருவரிடமும் கத்தி இல்லை. போன் இருந்தது. எல்லோரிடமும் இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை வீட்டில், கோட்டையூரில், அவர் மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. முடித்துக் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தங்கை அவள் கணவரின் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து முன்னால் போனாள். நான் ஸ்கூட்டரில் பின்னால். வெயிலுக்காக முந்தானையைத் தலையில் போட்டுக் கழுத்தைச் சுற்றி விட்டிருந்தாள். அதன் நுனி பின்சக்கரத்துப் பக்கம் படபடப்பதைப் பார்த்து ஹாரன் அடித்தேன். நான் வழி கேட்கிறேன் என்று நினைத்து மாப்பிள்ளை ஒதுங்கிக் கொடுத்தார். வேகத்தடைக்கு அவர் வண்டியை மெதுவாக்கிய இடத்தில் அவள் அப்படியே மல்லாக்கச் சரிந்தாள்.

நான் ஓடிப் போனபோது அவள் தலை சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. சேலை செயினுக்குள் போய்க் கயிறு மாதிரி முறுக்கியிருந்தது. கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

மாப்பிள்ளை சக்கரத்தைப் பின்னால் உருட்டினார். அது அரை அங்குலம் வந்து நின்றுவிட்டது.

"கத்தி, பிளேடு ஏதாவது குடுங்க" என்று கத்தினேன்.

"அறுக்காதீக மதினி" என்றார் அவர். "கல்யாணப் பட்டு. எடுத்துரலாம்."

நான் பல்லால் கடித்தேன். பட்டு அறுபடவில்லை, ஜரிகை ஈறைக் கிழித்தது. எதிரே எலுமிச்சை சர்பத் வண்டி போட்டிருந்த அம்மா பழம் நறுக்கும் கத்தியோடு ஓடி வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. செயின் பக்கம் துணியை இழுத்துப் பிடித்து நாலு இழுப்பில் அறுத்தார். தங்கை மூச்சை இழுத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

காறை எலும்பு முறிவு. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. தொண்டை வீங்கிப் பல நாள் பேச முடியவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை, "கர்த்தர் காப்பாத்துனாரு" என்றார். அடுத்த மூச்சில், "சேலதான் போச்சு" என்றார். இரண்டையும் ஒரே குரலில் எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த பைக்கைச் சுற்றி வந்து பார்த்தேன். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஒரு கம்பித் தடுப்பு இருக்குமே, அது இல்லை.

"கார்டு எங்க மாப்பிள்ளை?"

"பாக்க நல்லா இல்ல மதினி. வண்டி எடுத்த அன்னைக்கே கழட்டிட்டேன்."

தங்கையின் படுக்கைக்குத் திரும்பிப் போனேன். அங்கேயே நின்றிருந்தால் ஆஸ்பத்திரி என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

இனிமேல் கையில் கத்தி இல்லாமல் ரோட்டில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். காரைக்குடியில் ஒரு கடைக்குப் போய்ப் பல வேலைக்கும் ஆகிற மடக்குக் கத்தி வேண்டும் என்றேன்.

"யாருக்கு மேடம், சாருக்கா?"

"எனக்கு."

கடைக்காரர் உள்ளே போய், சாவி வளையத்தில் மாட்டுகிற ரோஸ் கலர் பொம்மை ஒன்றை எடுத்து வந்தார். "லேடீஸுக்கு இதத்தான் எடுக்குறாக." அதன் கத்தி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத் தள்ளி வைத்தேன். அடுத்து குறடு வைத்தது ஒன்று வந்தது. கனமான, நல்ல சாமான்தான். ஆனால் கத்தி உள்ளே இருந்தது. இரண்டு கைப்பிடியையும் விரித்து, நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். ஒரு கையால் தங்கையின் தலையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் இதைத் திறப்பேனா? கத்தியே முதன்மையாக, வெளியில் இருப்பது வேண்டும். கட்டைவிரலால் தள்ளினால் திறக்க வேண்டும், திறந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும். கத்தரிக்கோலும் வேண்டும், கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியின் கூர்முனையைக் கொண்டுபோக முடியாது.

அப்படி இரண்டு இருந்தன. பையிலிருந்து அந்தச் சேலையின் துண்டை எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். முதல் கத்தி ஜரிகை மேல் வழுக்கியது. இரண்டாவதில் பாதி அலகுக்கு ரம்பப் பல் இருந்தது. அது கடித்துப் பிடித்து அறுத்தது.

அவர் துணியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "கோட்டையூர் ரோட்டுல நடந்துச்சே மேடம், அது நீங்கதானா? வாட்ஸப்புல வீடியோ வந்துச்சு."

காட்டச் சொன்னேன். "வேணாம் மேடம்" என்றார். கையை நீட்டியபடியே நின்றேன். கொடுத்துவிட்டார்.

யாரோ நிதானமாக, கை நடுங்காமல் எடுத்திருந்தான். நான் கத்தி கேட்டுக் கத்துவது கேட்டது. அதற்குப் பிறகும் போனைக் கீழே வைக்கவில்லை. கடித்தது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. படத்தில் வேறொன்றும் இருந்தது. 'கல்யாணப் பட்டு' என்று மாப்பிள்ளை சொன்னதும் என் கை நின்றது. நான் குனிந்து அந்தச் சேலையின் கரையைப் பார்க்கிறேன். பதினோரு விநாடி. திரும்ப ஓட்டி எண்ணினேன். பதினோரு விநாடி நான் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதுவரை மாப்பிள்ளை மேலும் படம் எடுத்தவன் மேலும் இருந்த கோபம் முழுக்க என் மேல் திரும்பியது. ரம்பப் பல் கத்தியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கத்தியைப் பார்த்துச் சிரித்தார். "மதினி ரவுடியாயிட்டீக."

"கார்டு மாட்டியாச்சா?"

"மாட்டணும், பாப்போம்."

மேசையிலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கத்தியில் ஸ்குரூ டிரைவர் உண்டு, ஆனால் கார்டுக்கு ஸ்பேனர் வேண்டும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மாட்டி, கொண்டுவந்து நிறுத்தினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கத்தி கைப்பையில் இருக்கிறது. பள்ளிக்கூட நேரத்தில் ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டி வைக்கிறேன். இடது கையாலும் திறக்கப் பழகிவிட்டேன்.

குரல் திரும்பிய பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை சொன்னாள்: "அன்னைக்கு அறுத்துருன்னுதான் சொன்னேன் அக்கா. திரும்பத் திரும்பச் சொன்னேன். உனக்குக் கேக்கல."

பதினோரு விநாடியை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் மடித்த சேலைகளை வாங்கி அலமாரியில் அடுக்கினேன்.