சவுரம்மா வாயில் அடக்கிய கல்

சவுரம்மாவின் சொத்து என்று பார்த்தால் ஒரு மண்குடம், புளியங்கிளையை உலுக்க ஒரு தொரட்டி, அப்புறம் அவள் வாய். குடத்தையும் தொரட்டியையும் யாராவது கேட்டால் இரவல் கொடுப்பாள். வாயை யாரும் கேட்கத் தேவையில்லை. தெரு முழுவதற்கும் அவளாகவே அதைக் கொண்டு உழைப்பாள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஜவளகிரி போகும் சாலையில், ஊரை விட்டுத் தள்ளி இருந்தது எங்கள் தெரு. மொத்தப் பேரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; மொத்தப் பேரும் கூலிக்காரர்கள். சவுரம்மாவின் புருஷன் இன்னாசப்பன் கல்யாணமான மறு வருஷமே கோலார் தங்கவயலுக்கு வேலை தேடிப் போனான். தங்கம் வரவில்லை, அவன் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்ற செய்திதான் வந்தது. அன்றைக்கு அவள் நடுத்தெருவில் நின்று ஏசிய ஏச்சு கோலார் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் பாஸ்கு என்கிற ஈஸ்டர் பண்டிகைக்குக்கூட இந்தப் பக்கம் வரவில்லை. பிள்ளை குட்டி இல்லை. களை எடுத்தும் புளி உடைத்தும் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் கிணறு கிடையாது. மாசி பிறந்தால் ஏரிக்கரை ஊற்றும் வற்றிவிடும். அப்புறம் பண்ணை வீட்டுக் கிணறுதான் கதி. அதில் நாங்கள் கயிறு போடக் கூடாது. தீண்டாமை இனி இல்லை என்று டெல்லியில் சட்டம் எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். எழுதியவர்கள் அந்தக் கிணற்றுக்கு மட்டும் சொல்லியனுப்ப மறந்துவிட்டார்கள். கிணற்று மேடையிலிருந்து தள்ளிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிற்போம். ஊர்க்காரர்கள் எல்லோரும் எடுத்துப்போன பிறகு பண்ணை ஆள் திம்மப்பன் எங்களுக்காக இறைத்து, எங்கள் குடத்தைத் தொட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி குடத்தில் விழும், பாதி மண்ணில் விழும். குடம் அரைவாசி ஆனதும் அடுத்ததற்குப் போய்விடுவான்.

அங்கேதான் சவுரம்மா வாயைத் திறப்பாள்.

"ஏனய்யா திம்மப்பா, அரக்கொடம் ஊத்தறதுக்கு ஒனக்கு ரெண்டு கையி என்னாத்துக்கு? ஒண்ணு பத்தாதா? இன்னொண்ண அறுத்து ஒங்க அம்மாகிட்டயே திருப்பிக் குடுத்துடு!"

இது தொடக்கம்தான். அவன் முப்பாட்டன் வரைக்கும் போய்த் திரும்பி வருவாள். ஒவ்வொரு குடமும் கழுத்து வரைக்கும் நிரம்பினால்தான் அந்தச் சத்தம் ஓயும் என்று திம்மப்பனுக்குத் தெரியும். அவனும் பதிலுக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை ஏசிக்கொண்டே ஊற்றித் தொலைப்பான். வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்கும் நாங்கள் வாயைத் திறக்காமல் நிறைகுடம் எடுத்துக்கொண்டு வருவோம். வரும் வழியில், "பொம்பளைக்கு இப்படியா வாய் இருக்கும்!" என்று அவளைப் பற்றியே பேசிக்கொள்வோம்.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புதுச் சாமியார் எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர். எங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதற்கென்றே தினம் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் மாமிசத்தை விடுவதும் ஒருசந்தி இருப்பதும் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். மாமிசத்தை நாங்கள் பாஸ்குவுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் கண்ணால் பார்ப்போம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளை சாப்பாடு. வேலை இல்லாத காலத்தில் எங்கள் தெரு முழுக்க ஒருசந்திதான். அந்தப் புண்ணியமெல்லாம் யார் பேரில் ஏறிக்கொண்டிருந்ததோ தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்துச் சாமியாருக்கே அது உறைத்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார்.

"வயித்தை விட்டுடுங்க. உங்க மனசுக்கு எது ரொம்பப் பிரியமோ அதை விடுங்க. அதுதான் நிஜமான தவம்" என்றார்.

அவர் காபிக்குச் சர்க்கரையை விட்டார். பக்கத்து வீட்டு ராயம்மாவின் புருஷன் காபியையே விட்டான். அவன் காபி குடித்து ஒருவரும் பார்த்ததில்லை. நான் வெற்றிலையை விட்டேன், புகையிலையை விடவில்லை. சவுரம்மா மட்டும் பூசை முடிந்தும் போகாமல் வாசலில் நின்றாள்.

"எனக்குப் பிரியமானது ஒண்ணும் இல்லியே சாமி. நான் எத்த விடறது?"

சாமியார் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி சிரித்தார். அவர் காலையில் கண்ணை மூடித் தியானத்தில் உட்காரும் நேரமும், இவள் கிணற்றடியில் திம்மப்பனின் முப்பாட்டனைத் தோண்டி எடுக்கும் நேரமும் ஒன்று.

"உன் வாயை விடு அம்மா. பாஸ்குவுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை கோயில் மணி அடிக்கிற வரைக்கும் யாரையும் ஏசக் கூடாது. கோபம் வந்தா மனசுக்குள்ள மாதாவை வேண்டிக்க, உனக்கு யார் மேல கோபமோ அவங்களுக்காக வேண்டிக்க" என்றார். சொன்னதோடு விட்டிருக்கலாம். பிரசங்கம் செய்து பழகியவர்களுக்கு ஒரு கதை சொல்லாமல் முடிக்கத் தெரியாது. முன்னொரு காலத்தில் பாலைவனத்தில் தவம் செய்த ஒரு துறவி, பேசாதிருக்கப் பழகுவதற்காக வாயில் ஒரு கல்லை அடக்கிக்கொண்டார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சவுரம்மா நேராக ஓடைக்குப் போனாள். வழவழவென்று புளியங்கொட்டை போல ஒரு கல் பொறுக்கினாள். தண்ணீர் இல்லாததால் முந்தானையில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். களி தின்னவும் கோயிலில் செபம் சொல்லவும் தூங்கவும் மட்டும் அதை வெளியே எடுத்தாள். கதையில் சொன்னதைச் செய்துவிடும் ஆள் ஒருத்தி தன் கோயில் பங்கு மக்களில் இருப்பாள் என்று சாமியார் நினைத்தே இருக்க மாட்டார்.

மறுநாள் கிணற்றடியில் திம்மப்பன் அரைக்குடம் ஊற்றிவிட்டுப் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தான். சத்தம் வரவில்லை. இரண்டாவது குடத்துக்கும் அரைதான். அதற்கும் சத்தம் இல்லை. அன்றைக்குத் தெரு முழுக்க அரைக்குடம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தான்.

சில நாளில் எங்கள் பிள்ளைகள் முகம் கழுவுவதை விட்டார்கள். அப்புறம் சோற்றுப்பானை கழுவுவதை நாங்கள் விட்டோம். தவக்காலத்தில் நாங்கள் உண்மையாகவே விட்டவை இவைதான். ராயம்மா ஒரு நாள் வரிசையிலேயே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒன்னோட மோட்சத்துக்கு எங்க புள்ளைங்க தாகத்தால சாவணுமா? துப்புடீ அந்தக் கல்ல!"

சவுரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. கோபம் அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். முந்தானைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, திம்மப்பனைக் கண் கொட்டாமல் பார்த்தபடி, உதட்டை அசைத்து அவனுக்காக மாதாவை வேண்டிக்கொண்டே நின்றாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சாமியார் மேலும் கோபம், அவள் மேலும் கோபம்.

திம்மப்பன் பாட்டை நிறுத்தினான். இத்தனை வருஷம் ஏசியவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு, கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு, முந்தானைக்குள் எதையோ உருட்டிக்கொண்டு, அவனையே பார்த்து முணுமுணுக்கிறாள்.

"ஏமே, வாயில என்னாமே வெச்சிருக்கே?" என்று கேட்டான்.

கேட்டதற்காக அவள் அவனுக்கு இன்னொரு செபம் கூடுதலாகச் சொல்லி வேண்டிக்கொண்டாள். அன்றைக்குக் கிணற்றுக் கயிறு அறுந்தது. அது போன வருஷமே அறுந்திருக்க வேண்டிய கயிறு. அதே வாரம் பண்ணை வீட்டு எருமை பால் தர மறுத்தது. மாந்திரீகம் செய்கிறவர்கள் வேரையோ எலும்பையோ வாயில் அடக்கிக்கொண்டுதான் மந்திரத்துக்கு உரு ஏற்றுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திம்மப்பன் நடுங்கிக்கொண்டு போய்ப் பண்ணை வீட்டு நாராயணம்மாவிடம் சொன்னான். எருமையின் மடியையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் அதை நம்புவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவளுக்கு மொதல்ல ஊத்து. அவ தெருவுக்கே மொதல்ல ஊத்து. தளும்பத் தளும்ப ஊத்து" என்று உத்தரவு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை என் ஆயுசில் வேறெப்போதும் பார்க்கவில்லை. ஊர்க்காரர்களைக் காக்க வைத்துவிட்டு எங்கள் குடங்கள் நிறைந்தன. ஒரு சொட்டு மண்ணில் விழவில்லை. திம்மப்பன் குனிந்து ஊற்றினான். சவுரம்மாவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டான். எங்கள் பிள்ளைகள் குளித்தார்கள். கோயில் வாசலில் சாமியார் வைத்திருந்த துளசிச் செடிகூடத் துளிர்த்தது. குருத்தோலை ஞாயிறன்று அவர் பிரசங்கத்தில் குரல் தழுதழுத்தது. "ஒரு ஏழை ஸ்திரீயின் சாந்தம் கல் மனசையும் கரைச்சிடுச்சு பாருங்க" என்றார். நாங்கள் ஆமென் சொன்னோம். உண்மை எங்களுக்குத் தெரியும். தண்ணீர் வரும்போது அதை எதற்குக் கிளற வேண்டும்?

ராயம்மா இப்போது சவுரம்மாவுக்குத் தினம் ஒரு உருண்டை களி கொண்டுவந்து கொடுத்தாள். "பண்டிக முடிஞ்சாலும் கல்லத் துப்பிடாத அக்கா" என்று கெஞ்சினாள். நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம்.

சவுரம்மாவுக்கு மட்டும் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியாரை வாசலில் நிறுத்தினாள். மற்றவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், பாவத்தைச் சொல்லும் அந்த மரக்கூண்டில், முழங்காலிட்டுச் சொல்வதை அவள் எப்போதும் வாசலில் நின்றுதான் சொல்வாள். அவள் குரலுக்குத் தொட்டி பத்தாது. கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சாமி, அவுங்க தண்ணி ஊத்தறது சாந்தத்துக்கு இல்ல. நான் செய்வினை வெக்கறேன்னு பயந்துக்கினு ஊத்தறாங்க. இது பாவமா, இல்லியா?"

சாமியாரின் முகம் சட்டென்று வாடியது. குருத்தோலைப் பிரசங்கம் ஞாபகம் வந்திருக்கும்.

"நீ அப்படி ஏதாவது சொன்னியா?"

"சொல்லல. அவுங்களா நெனச்சிக்கினாங்க. அதத் திருத்தாம நான் குடிக்கறேனே சாமி. அவனுக்கோசரம் வேண்டிக்கினு, அவன் பயத்தயும் குடிக்கறேன்."

அவர் தாடியைத் தடவினார். மறுநாள் பெரிய சனிக்கிழமை. பாஸ்குத் தீர்த்தம் ஆசீர்வதித்து மந்திரிப்பதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். கோயிலைச் சேர்ந்த ஊர்கள் முழுக்க அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோவார்கள்.

"பண்டிகை முடியட்டும் அம்மா. அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்" என்றார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். திம்மப்பனை அவள் அப்படிப் பார்த்தபோது கயிறே அறுந்தது. சாமியார் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் இரண்டிரண்டு குடத்தோடு கிணற்றடிக்குப் போனோம். திம்மப்பன் முதல் வாளியை இறைத்து, சவுரம்மாவின் குடத்தில் குனிந்து ஊற்ற ஆரம்பித்தான். குடம் பாதி நிறைந்திருக்கும். அவள் கல்லைத் துப்பிக் கையில் பிடித்து அவனுக்கு நீட்டினாள்.

"திம்மப்பா, இதப் பாரு. ஓடைக் கல்லு. மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. ஒன்ன ஏசக் கூடாதுன்னு அடக்கி வெச்சேன். முணுமுணுத்தது ஒனக்கு நல்லது நடக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினது. ஒங்க எருமைக்கும் சேத்துத்தான். பயப்படாத."

திம்மப்பன் கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் மூச்சு சீரானது, தோள் நிமிர்ந்தது. வாளியை நிமிர்த்திக்கொண்டான்.

"தூ! இதுக்கா இத்தன நாளு ஒங்களுக்கு மொதல்ல ஊத்தினேன்? தள்ளி வைங்க கொடத்த! ஊரு எடுத்து முடியட்டும்" என்றான்.

ஊர் எடுத்து முடிக்க வெகுநேரம் ஆனது. எங்களுக்கு வந்தபோது கிணறு கலங்கிவிட்டது என்று சொல்லி, வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனான். ராயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏசு அக்கா! இப்பவாச்சும் ஏசு!" என்று நாங்கள் கத்தினோம். சவுரம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மணி இன்னும் அடிக்கவில்லை. கல்லைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, அந்த அரைக்குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நாங்கள் வெறுங்குடங்களோடு பின்னால் போனோம்.

சாமியார் வெள்ளை அங்கியில், பெரிய அண்டாவின் பக்கத்தில் காத்திருந்தார். அவள் குடத்தை அவர் காலடியில் வைத்தாள். கல்லை எடுத்தாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டேன் சாமி. இவ்ளோதான் தண்ணி. சாபம்னு நெனச்சப்ப கொடம் நெறஞ்சுது. ஆசீர்வாதம்னு தெரிஞ்சதும் பாதியில நின்னுபோச்சு."

சாமியார் அரைக்குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையாக நின்ற எங்கள் வெறுங்குடங்களையும் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். முதல் தடவையாக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

"மந்திரிங்க சாமி" என்றாள் சவுரம்மா. "சீக்கிரமா மந்திரிங்க. மணி அடிச்சதும் எனக்கு வேல இருக்குது."

தவக்காலம் முடியும் மணி வழக்கமாக உச்சி வேளைக்குத்தான் அடிக்கும். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார்தான் கடிகாரம் பார்த்து அடிப்பார். சாமியார் அன்றைக்கு அவரைக் கூப்பிடவில்லை. அங்கியோடே போய்க் கயிற்றைப் பிடித்துத் தாமே இழுத்தார். உச்சி வேளையாக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது என்று உபதேசியார் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடி விழுவதற்குள் சவுரம்மா கல்லை வாசலில் போட்டுவிட்டு, என் கையிலிருந்த வெறுங்குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் புறப்பட்டிருந்தாள்.